பல் மருந்துக்கான மூலிகைச் சாரங்கள் – தீங்கற்றவையா எனச் சோதிக்கும் முறைகள்

நம் கிராமங்களில் வேப்பங்குச்சி, ஆலங்குச்சி கொண்டு பல் துலக்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. பல்வலி கண்டால் கிராம்பைக் கடித்துக் கொள்வதும், ஈறு வீங்கினால் கருவேலம்பட்டைக் கஷாயத்தால் வாய் கொப்பளிப்பதும் வீட்டு வைத்தியமாகவே நிலைத்துவிட்டன. இன்று இதே பட்டைகளும் இலைகளும் பற்பசை, பற்பொடி, வாய் கொப்பளிக்கும் மருந்து, பல் மருத்துவர்கள் கையாளும் மருந்துகள் ஆகியவற்றில் சேர்க்கப்படுகின்றன. எனவே மூலிகை பயிரிடுவோருக்கும், தரிசிலும் வரப்பிலும் உள்ள மூலிகைகளைச் சேகரித்து விற்போருக்கும் இது ஒரு வருவாய் வழியாக அமைந்துள்ளது.

ஆனால் வாங்கும் நிறுவனங்கள் மூலிகைகளைப் பல சோதனைகளுக்கு உட்படுத்திய பின்னரே ஏற்றுக்கொள்கின்றன. சோதனையில் தேறாத மூட்டைகள் திரும்பி வருகின்றன. "மூலிகைதானே, இதில் என்ன கெடுதல் இருக்கப் போகிறது?" என்று விவசாயிகள் கேட்பதுண்டு. கெடுதல் இருக்கக் கூடும் என்பதையும், அது எவ்வாறு கண்டறியப்படுகிறது என்பதையும், வயலிலேயே நாம் எதைத் தவிர்க்கலாம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

குச்சி வேறு, சாரம் வேறு

மூலிகையை உலர்த்திப் பொடி செய்து, நீர், எரிசாராயம், ஹெக்சேன் போன்ற கரைப்பான் ஒன்றில் ஊற வைத்து, வடித்து, கரைப்பானை ஆவியாக்கிய பின் எஞ்சும் பொருளைச் சாரம் என்கிறோம். 10 கிலோ உலர் இலையிலிருந்து 1 கிலோ சாரம் கிடைப்பதாகக் கொள்வோம். இலையில் இருந்த நல்ல சத்து 10 மடங்கு செறிவடைகிறது. கூடவே நச்சுப் பொருளோ பூச்சிமருந்து எச்சமோ இருந்தால் அதுவும் 10 மடங்கு வரை செறிவடையலாம்.

கரைப்பான் மாறினால் சாரமும் மாறிவிடும். நீரில் துவர்ப்புப் பொருள்கள் மிகுதியாகக் கரையும். ஹெக்சேனில் எண்ணெய்ப் பொருள்கள் கரையும். ஆகவே, தலைமுறை தலைமுறையாகக் கஷாயமாகப் பயன்பட்டு வந்த பட்டையின் எரிசாராயச் சாரமும் தீங்கற்றதாகவே இருக்கும் எனக் கூற இயலாது. நம் முன்னோர் அனுபவம் கஷாயத்துக்குச் சான்று. புதிய சாரத்துக்கு அது சான்றாகாது.

கிராம்பை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த கிராம்பில் 15 முதல் 20 சதம் வரை எண்ணெய் உள்ளது. அவ்வெண்ணெயின் பெரும் பகுதி யூஜினால் என்னும் பொருளாகும். பல்வலியைத் தணிப்பது இதுவே. துத்தநாக ஆக்சைடுடன் யூஜினாலைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல் குழியை அடைக்கும் முறை பல் மருத்துவத்தில் நெடுங்காலமாக உள்ளது. உணவு வேளாண்மை நிறுவனமும் உலக நல நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2.5 மில்லி கிராம் வரை யூஜினால் உட்கொள்ளலாம் என்று வரையறுத்துள்ளது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 30 மில்லி கிராம் மட்டுமே. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி லிட்டர் கிராம்பு எண்ணெயிலோ ஏறத்தாழ 4,000 மில்லி கிராம் யூஜினால் இருக்கும். இவ்வளவு எண்ணெய் எடுக்க 30 கிராம் கிராம்பு வேண்டும். 30 கிராம் கிராம்பை எவரும் ஒரே நேரத்தில் மென்று தின்ன மாட்டார்கள். எண்ணெயானால் ஒரே வாயில் இறங்கிவிடும். 5 முதல் 10 மில்லி லிட்டர் கிராம்பு எண்ணெயைக் குடித்துவிட்ட 2 வயதுக் குழந்தை நினைவிழந்து, கல்லீரல் பாதிக்கப்பட்டு, தீவிர சிகிச்சைக்குப் பின்னரே பிழைத்த செய்தி 1993-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயிற்று.

வேம்பும் இத்தகையதே. வேப்பங்குச்சியால் பல் துலக்கியவர்கள் கோடிக்கணக்கானோர். ஆனால் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் மூளையும் கல்லீரலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை 1981-ஆம் ஆண்டில் மலேசிய மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். மரம் ஒன்றேயாயினும் குச்சி வேறு, எண்ணெய் வேறு.

பிரம்மதண்டு தரும் படிப்பினை

அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் சாங்குவினேரியா என்னும் சிறு செடி வளர்கிறது. அதன் கிழங்கை வெட்டினால் இரத்தம் போன்ற சிவப்புச் சாறு வடியும். அதிலுள்ள சாங்குவினாரின் என்னும் ஆல்கலாய்டு பல்லில் படியும் கிருமிப் படலத்தைக் கட்டுப்படுத்துவதாகக் கண்டு, 1980-களில் அந்நாட்டில் அதன் சாரம் சேர்த்த பற்பசையும் வாய் கொப்பளிக்கும் மருந்தும் விற்பனைக்கு வந்தன. விற்பனைக்கு வந்த பின்னும் 6 மாத கால ஆய்வுகள் நடந்தன. பயன் தெரிந்தது, பெருங்கேடு எதுவும் தென்படவில்லை.

ஆண்டுகள் சென்றன. மேலுதட்டின் உட்புறத்திலும் அதை ஒட்டிய ஈறிலும் வெண்படை தோன்றியவர்களைப் பல் மருத்துவர்கள் காணலாயினர். இவர்களுள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இச்சாரம் சேர்ந்த பொருளைப் பயன்படுத்தியவர்கள் என 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிலருக்குப் பயன்பாட்டை நிறுத்திய பின்னும் படை மறையவில்லை. இவ்வகை வெண்படை புற்றுநோய்க்கு முன்னோடியாக அமையக் கூடும் என மருத்துவர்கள் கருதுவதால், 2001-இல் அப்பொருள்களிலிருந்து சாங்குவினாரின் நீக்கப்பட்டது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். இதே சாங்குவினாரின் நம் தரிசுகளிலும் வரப்புகளிலும் மண்டிக் கிடக்கும் பிரம்மதண்டு என்னும் களையிலும் உள்ளது. மஞ்சள் பூவும், முள் நிறைந்த இலையும், ஒடித்தால் வடியும் மஞ்சள் பாலும் கொண்ட இச்செடியைக் குடியோட்டிப்பூண்டு என்றும் கூறுவர். இதன் விதை கடுகைப் போலவே இருக்கும். 1998-ஆம் ஆண்டில் டில்லியில், இதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டவர்களுக்குக் கால் வீக்கமும் இதயக் கோளாறும் ஏற்பட்டு அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மூலிகைக் குவியலில் பிரம்மதண்டு கலந்துவிட்டால், எந்தப் பொருள் பிற நாட்டில் விலக்கப்பட்டதோ அதுவே நம் மூட்டை வழியாக மீண்டும் மருந்தில் புகுந்துவிடும்.

சோதனைப் படிகள்

1. இனம் அறிதல்

முதற் சோதனை, வந்திருப்பது குறிப்பிட்ட மூலிகைதானா என்பதாகும். இலை, பூ, காய்களுடன் கூடிய மாதிரியைத் தாவரவியல் நிபுணர் பார்த்துச் சான்று அளிப்பார். பொடியாயின் நுண்ணோக்கியில் நார், மாவுமணி, படிகம் ஆகியவற்றைப் பார்த்து அறிவர்.

பெயர் ஒற்றுமையால் நேரும் தவறுகள் பல. பல் மருந்துக்குக் கேட்கப்படுவது கருவேலம்பட்டை. வேலியோரத்தில் எளிதாகக் கிடைப்பதோ சீமைக்கருவேல். கருவேலின் பூ மஞ்சள் நிற உருண்டை; காய் மணிகள் கோத்தாற்போல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக்கருவேலின் பூ நீண்ட கதிராக இருக்கும். காய் இடுக்கு இன்றிப் பட்டையாகவும் வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். இரண்டும் வெவ்வேறு இனங்கள். சீமைக்கருவேலில் உள்ள ஆல்கலாய்டுகள் கால்நடைகளின் நரம்பையே பாதிக்கக் கூடியவை.

2. மாசு அறிதல்

அடுத்து, மண், சாம்பல், ஈரம், பூசணம், பூச்சிமருந்து எச்சம், கன உலோகங்கள் ஆகியவை அளக்கப்படும். மூலிகைப் பொருளில் காரீயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஆர்சனிக் 3 பங்கு, பாதரசம் 1 பங்கு, காட்மியம் 0.3 பங்கு ஆகியவற்றுக்கு மேல் இருத்தல் ஆகாது.

3. பல்லுக்குக் கேடு உண்டா?

பல்லின் மேற்பூச்சான எனாமல் ஒரு முறை கரைந்தால் மீண்டும் வளராது. கார அமில நிலை ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். ஆகவே சாரத்தின் புளிப்புத் தன்மை அளக்கப்படும். பற்பொடியாயின் அது பல்லை எவ்வளவு தேய்க்கிறது என்பதும் கருவிகளால் அளக்கப்படும். செங்கல் பொடியும் மணலும் விலக்கப்படுவது இதனால்தான்.

4. செல் சோதனை

கிருமியைக் கொல்வதால் மட்டும் ஒரு சாரம் நல்ல மருந்தாகிவிடாது. கிருமியைக் கொல்லும் அளவில் ஈறின் செல்களையும் கொன்றுவிட்டால் பயனில்லை. எனவே மனித ஈறிலிருந்து எடுத்து வளர்த்த செல்களின் மேல் சாரத்தைப் பல செறிவுகளில் இட்டு, எத்தனை செல்கள் பிழைக்கின்றன எனப் பார்க்கின்றனர்.

இச்சோதனை விதை உற்பத்தியாளர்களுக்குப் புதியதன்று. விதைச் சோதனை நிலையத்தில் டெட்ரசோலியம் கரைசலில் விதையை ஊற வைத்தால், உயிருள்ள முளைக்கரு சிவப்பாகும்; இறந்தது நிறம் மாறாது. செல் சோதனையில் பயன்படும் எம்.டி.டி. என்னும் மஞ்சள் நிறப் பொருளும் டெட்ரசோலியம் இனத்தைச் சேர்ந்ததே. உயிருள்ள செல்கள் அதை ஊதா நிறமாக்கும். நிறத்தின் அடர்த்தியை அளந்து பிழைத்த செல்களின் அளவைக் கணக்கிடுகின்றனர். சாரம் இடாத செல்களுடன் ஒப்பிடும்போது பிழைத்தவை 70 சதத்துக்கும் கீழே சென்றால், அச்செறிவில் அச்சாரம் செல்லுக்குத் தீங்கானது என்பது பன்னாட்டுத் தர அமைப்பின் வரையறையாகும்.

எடுத்துக்காட்டாக, பற்சொத்தைக் கிருமியைத் தடுக்க மில்லி லிட்டருக்கு 2 மில்லி கிராம் சாரம் தேவைப்படுகிறது எனக் கொள்வோம். ஆனால் 1 மில்லி கிராமிலேயே செல்களில் பாதி இறந்துவிடுகின்றன என்றால், அச்சாரத்தை அப்படியே பயன்படுத்த முடியாது. கிருமிக்கு எதிரான அளவு கீழேயும், செல்லுக்குத் தீங்கான அளவு அதற்கு வெகு மேலேயும் இருத்தல் வேண்டும்.

5. எளிய உயிரிகளில் சோதனை

செலவு குறைந்த சில சோதனைகள் முதல் வடிகட்டியாகப் பயன்படுகின்றன.

(அ) உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியா என்னும் சிற்றுயிரின் இளங்குஞ்சுகளைச் சாரம் கலந்த உப்பு நீரில் விட்டு, 24 மணி நேரத்தில் எத்தனை இறந்தன என எண்ணுவர். மில்லி லிட்டருக்கு 1,000 மைக்ரோ கிராமுக்குக் குறைவான அளவிலேயே பாதி இறந்துவிட்டால் அச்சாரத்தில் நச்சுத் தன்மை உண்டு எனக் கொள்வர்.

(ஆ) வெங்காய வேர்ச் சோதனை: வெங்காயத்தின் அடிப்பகுதியைச் சாரக் கரைசலில் வைத்து வேர் விடச் செய்து, வேர் நீளத்தையும், வேர் நுனிச் செல்களில் குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரிகின்றனவா என்பதையும் நுண்ணோக்கியில் பார்ப்பர். 1938-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆல்பர்ட் லெவான் அளித்த முறை இது. குரோமோசோம்கள் முறிந்திருந்தால், மரபுப் பொருளைச் சிதைக்கும் தன்மை உள்ளதோ என ஐயுற்று, மேலும் விரிவான சோதனைகளுக்கு அனுப்புவர்.

(இ) கருவுற்ற கோழி முட்டையை 9 நாள் அடைகாத்து, ஓட்டைத் திறந்து, உட்சவ்வின் மேல் சாரத்தை இட்டு 5 நிமிடம் கவனிப்பர். இரத்தக் கசிவோ உறைவோ தோன்றினால், வாயின் மென்தோலில் எரிச்சல் உண்டாக்கக் கூடும் என அறியலாம்.

6. எலியிலும் மனிதரிலும் சோதனை

மேற்கூறியவற்றில் தேறிய சாரம் மருந்தாக வர வேண்டுமாயின், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுடன் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்படும். ஒரே வேளையில் பெரிய அளவு கொடுத்து 14 நாள் கவனிப்பது ஒரு முறை. நாள்தோறும் சிறிய அளவு 90 நாள் கொடுத்து, இரத்தம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றை ஆராய்வது மற்றொரு முறை. பற்பசைகள் நாள் தவறாமல் பயன்படுவதால் இரண்டாம் முறை மிக இன்றியமையாதது. அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பது 2014 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளதால், அவ்வகையில் சேரும் பொருள்களுக்குச் செல் சோதனை போன்ற மாற்று முறைகளே கையாளப்படுகின்றன.

இறுதியில், விருப்பத்துடன் முன்வரும் மனிதர்களில், மருத்துவர் மேற்பார்வையில் ஆய்வு நடைபெறும். இவ்வாறான மருந்து ஆய்வுகளை முன்னரே பதிவு செய்வது 2009 முதல் நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. விற்பனைக்கு வந்த பின்னும் கவனிப்பு தொடர்தல் வேண்டும் என்பதே சாங்குவினாரின் தந்த பாடமாகும்.

அளவுக் கணக்கு

தீங்கு இல்லை என்று கூறும்போது, எந்த அளவில் இல்லை என்பதையும் கூற வேண்டும். அதைக் கணக்கிடும் முறையை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

90 நாள் சோதனையில், எலியின் உடல் எடை கிலோ ஒன்றுக்கு 100 மில்லி கிராம் வரை கேடு தோன்றவில்லை எனக் கொள்வோம். பற்பசையில் 1 சதம் சாரம் உள்ளது. ஒருவர் நாளொன்றுக்கு 2 கிராம் பற்பசை பயன்படுத்துகிறார். அதில் உள்ள சாரம் 20 மில்லி கிராம். அவ்வளவையும் விழுங்கிவிட்டாலும், 50 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 0.4 மில்லி கிராமே ஆகும். 100-ஐ 0.4-ஆல் வகுத்தால் 250 வரும். இது பாதுகாப்பு மடங்கு எனப்படும். எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாடு, மனிதருக்குள் உள்ள வேறுபாடு ஆகியவற்றைக் கருதி இம்மடங்கு 100-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஆகவே பெரியவருக்கு இப்பற்பசை தகும்.

அதே 2 கிராமை 15 கிலோ எடையுள்ள குழந்தை விழுங்கினால், கிலோவுக்கு 1.33 மில்லி கிராம் சேரும். பாதுகாப்பு மடங்கு 75 ஆகக் குறைந்துவிடும். ஒரே பற்பசை பெரியவருக்குத் தகுந்ததாகவும் குழந்தைக்குத் தகாததாகவும் இருப்பது இவ்வாறுதான். சிறு குழந்தைகளுக்குப் பற்பசையை மிகச் சிறிதளவே தர வேண்டும் என்பதன் காரணமும் இதில் அடங்கியுள்ளது.

வயலில் கவனிக்க வேண்டியவை

சோதனைச்சாலையால் மாசைக் கண்டுபிடிக்க முடியுமே தவிர, கெட்டுப்போன மூலிகையை நல்லதாக்க முடியாது. ஆகவே கீழ்க்கண்டவற்றை விவசாயிகள் கடைப்பிடித்தல் நலம்.

1. நாற்று அல்லது விதை வாங்கும்போதே இனத்தை உறுதி செய்துகொள்ளவும். ஐயம் இருப்பின் பூ, காயுடன் கூடிய கிளையை அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டவும்.

2. பூக்கும் முன்பே பிரம்மதண்டைக் களைந்துவிடவும். அறுவடை நாளன்று வயலை ஒரு முறை சுற்றிப் பார்த்து, எஞ்சிய களைகளைப் பிடுங்கிய பின்னரே அறுவடையைத் தொடங்கவும்.

3. பூச்சிமருந்து தெளிப்பதைக் கூடிய வரை தவிர்க்கவும். தெளிக்க நேர்ந்தால் மருந்தின் பெயர், அளவு, நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்து, காத்திருப்புக் காலம் முடிந்த பின்னரே அறுவடை செய்யவும்.

4. சாலையோரம், சாயக் கழிவு நீர் பாயும் நிலம், குப்பைமேடு ஆகிய இடங்களில் மூலிகை சேகரிக்க வேண்டாம். கன உலோகங்கள் அங்கிருந்தே வருகின்றன.

5. பட்டை எடுக்கும்போது மரத்தைச் சுற்றி உரிக்கக் கூடாது, மரம் பட்டுப்போகும். கிளைகளிலிருந்தோ, ஒரு பக்கத்தில் நீளவாக்கிலோ சிறிதளவு எடுக்கவும்.

6. இலைகளை நிழலில், தரையில் படாமல் பரண் அமைத்து உலர்த்தவும். தார்ச்சாலையில் பரப்ப வேண்டாம். இலையைக் கையில் நொறுக்கினால் சலசலவெனப் பொடியாக வேண்டும். ஈரம் மிகுந்தால் பூசணம் பிடிக்கும். பூசண நச்சு பின்னர் எத்தனை வெயிலில் காய வைத்தாலும் போகாது.

7. உரம், பூச்சிமருந்து வந்த சாக்குகளில் மூலிகையை ஒருபோதும் நிரப்பாதீர்கள். புதிய சாக்கில் நிரப்பி, மூலிகையின் பெயர், பகுதி, அறுவடை நாள், வயல் ஆகியவற்றை எழுதித் தைக்கவும்.

8. மாதிரி எடுக்கும்போது மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் எடுத்துக் கலக்கவும். அதில் ஒரு பகுதியை முத்திரையிட்டு உங்களிடமே வைத்துக்கொள்ளவும். சரக்கு திருப்பி அனுப்பப்பட்டால், பிழை வயலிலா, வழியிலா, கிடங்கிலா என்று வழக்காட அதுவே சான்றாகும்.

வீட்டில் தவிர்க்க வேண்டியவை

பல்வலிக்கு எருக்கம்பால் வைக்கும் வழக்கம் சில ஊர்களில் உள்ளது. அது வாயின் மென்தோலைப் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தால் கருவிழி பாதிக்கப்படும். நசுக்கிய பூண்டை ஈறில் வெகு நேரம் அடக்கி வைத்தாலும் ஈறு வெந்துவிடும். கிராம்பு எண்ணெயைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். வலி தணிந்தாலும் சொத்தை வளர்ந்துகொண்டேயிருக்கும் என்பதால் பல் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பற்பொடி தயாரித்து விற்க விரும்பும் மகளிர் குழுக்கள் அதற்கான உரிமத்தை முதலில் பெறுதல் வேண்டும். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பது 1992 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது என்பதையும் நினைவிற் கொள்ளவும்.

மூலிகைக்கு நம் மக்களிடையே உள்ள நம்பிக்கை பெரிது. அந்த நம்பிக்கையில்தான் ஒரு தாய், மூலிகை என்று எழுதியுள்ள பற்பசையைத் தயங்காமல் குழந்தையின் வாயில் வைக்கிறாள். வயலில் ஒரு களையைப் பிடுங்குவதும், மூட்டையில் ஒரு நாளைக் குறிப்பதும் சிறு வேலைகளே. எனினும் சோதனைச்சாலையில் நடைபெறும் எல்லாச் சோதனைகளும் அவற்றிலிருந்தே தொடங்குகின்றன. மூலிகை பயிரிடும் விவசாயப் பெருமக்கள் இவற்றைக் கடைப்பிடித்து, நல்ல விலையும் நற்பெயரும் பெறுவார்களாக.